பஞ்சாபின் அறநிலையங்களும் எமது கரையோரமும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துவடிவம்)



ஆடி மாதம் வந்துவிட்டால் உடப்பிலே திரௌபதை அம்மன் திருவிழா. பதினெட்டு நாட்போரை நினைந்து பதினெட்டு நாள் விழாவெடுத்து, தீமிதிப்போடு அதனை நிறைவு செய்யும் வழக்கம் எமது கரையோரத்துக்குப் புதியதன்று. எம்மிற் பலர் அந்தப் பூக்குழியிலே இறங்கியவர்கள். இறங்காதவர்கள் கரையிலே நின்று நெஞ்சு படபடக்கப் பார்த்தவர்கள். ஆனால் அந்தப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் குருச்சேத்திர மண் எங்கேயிருக்கின்றது என்று இளைஞர்களைக் கேட்டால், வடக்கே எங்கேயோ என்றுதான் விடை வருகிறது. இன்று அது அரியானா மாநிலத்திலே உள்ளது. 1966ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி அந்த மாநிலம் பிரிக்கப்படும் வரைக்கும் பஞ்சாப் மாநிலத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பாஞ்சாலியின் பெயரைக் கேட்டு, அவள் பிறந்த பாஞ்சாலந்தான் பஞ்சாப் என்று எண்ணுவோரும் எம்மிடையே உண்டு. அது சரியன்று. பாஞ்சாலம் கங்கைக்கரை நாடு. பஞ்சாப் என்பதோ ஐந்து நீர் என்று பொருள்படும் பாரசீகச் சொல். சீலம், சீனாப், இராவி, பியாசு, சட்லெசு என்னும் ஐந்து நதிகளால் வந்த பெயர்.

அந்தக் குருச்சேத்திரத்திலே 1947ஆம் ஆண்டில் மற்றொரு காட்சி நிகழ்ந்தது. பாரதம் பிரிக்கப்பட்டுப் பஞ்சாப் இரண்டாகக் கிழிந்தபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் எல்லை தாண்டி இங்குமங்குமாக ஓடினர். இந்துக்களும் சீக்கியரும் கிழக்கே வந்தனர். முசிலிம்கள் மேற்கே சென்றனர். கொலையுண்டவர் தொகை இலட்சக்கணக்கு. கிழக்கே வந்தவர்களுக்கென அமைக்கப்பட்ட முகாம்களுள் மிகப் பெரியது குருச்சேத்திரத்திலேதான் இருந்தது. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் கூடாரங்களிலே கிடந்தார்கள். வீடு போயிற்று, வயல் போயிற்று, கடை போயிற்று. அப்படிப்பட்ட மக்கள் கட்டிவைத்திருந்த தருமங்களின் கதி என்னவாயிற்று என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். பஞ்சாபியர் கதையை இந்தக் கடற்கரையிலே ஏன் பேசவேண்டும் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

லாகூர் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பொறியியலாளராக இருந்தவர் கங்காராம் என்பவர். 1851ஆம் ஆண்டு பிறந்தவர். உரூர்க்கிக் கல்லூரியிலே பொறியியல் பயின்று 1873இலே தேறியவர். லாகூரின் பெரிய தபாற் கந்தோர், நூதனசாலை, எயிச்சிசன் கல்லூரி ஆகிய கட்டடங்கள் இவர் கைப்பட எழுந்தவை. அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாய்வுநாற்காலியிலே படுக்கவில்லை, நிலத்திலே இறங்கினார். மண்கொமரி மாவட்டத்திலே வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு நிலம் ஐம்பதினாயிரம் ஏக்கரை அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்தார். தண்ணீர் தாழ இருக்கிறது, நிலம் உயர இருக்கிறது. ஆகவே நீரின் வீழ்ச்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, அம்மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றிப் பாய்ச்சினார். தரிசு விளைநிலமாயிற்று. கங்காபூர் என்று தம் பெயரால் வழங்கிய கிராமத்துக்குப் புகையிரத நிலையத்திலிருந்து தண்டவாளம் போட்டு, அதன்மேல் வண்டியைக் குதிரை இழுக்கச் செய்தார். இது ஒரு வேடிக்கை போலத் தோன்றும். ஆனால் சேற்றிலே வண்டி புதைந்து தள்ளிய அனுபவமுள்ள எமது உப்பளத் தொழிலாளருக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

இவ்வாறு தேடிய பொருளை அவர் என்ன செய்தார்? 1914ஆம் ஆண்டிலே விதவைகளின் மறுமணத்துக்கு உதவும் சபையொன்றை நிறுவினார். பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் தாலியறுத்து மூலையிலே இருத்தப்பட்ட பெண் குழந்தைகள் நிறைந்திருந்த காலம் அது. கோயில் கட்டினால் ஊர் புகழும்; விதவைக்கு மணஞ்செய்து வைத்தால் ஊர் ஏசும். ஏசக்கூடிய தருமத்தையே அவர் முதலில் எடுத்துக்கொண்டார் என்பதை எமது இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 1921இலே ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்யும் வைத்தியசாலையைத் திறந்தார். 1923இலே தம் ஆதனங்களின் வருமானத்தைக் கொண்டு இவற்றையெல்லாம் நடத்துவதற்கென நம்பிக்கைப் பொறுப்புச் சபை ஒன்றை எழுத்திலே ஏற்படுத்தினார். 1927ஆம் ஆண்டு இலண்டனிலே காலமானார். அவருடைய அஸ்தியில் ஒரு பகுதி கங்கையிலே கரைக்கப்பட்டது. மறு பகுதி இராவி நதியோரத்திலே, அவர் கட்டிய நகரத்தின் மண்ணிலே வைக்கப்பட்டது.

இனி 1947. லாகூர் பாக்கிஸ்தானுக்குப் போயிற்று. நகரத்து வீதியிலே நின்ற கங்காராமின் சிலையைக் குறித்து உருது எழுத்தாளர் சதாத் அசன் மண்டோ ஒரு சின்னஞ்சிறு கதை எழுதியிருக்கிறார். ஒரு கூட்டம் சிலையைத் தாக்குகிறது. கல்லெறிகிறார்கள், கரி பூசுகிறார்கள். செருப்பு மாலை போட ஒருவன் ஏறுகிறான். பொலிசார் சுடுகிறார்கள். காயப்பட்டு விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், கங்காராம் வைத்தியசாலைக்கு! இது கதைதான். ஆனால் இந்தக் கதைக்குப் பின்னால் நிற்கும் உண்மை கதையைவிடப் பெரியது. கங்காராமின் குடும்பமும் அவர் சமூகமும் லாகூரை விட்டு வெளியேறிய பின்னரும் அந்த வைத்தியசாலை மூடப்படவில்லை. 1948இலே பெண்களுக்கான பாத்திமா சின்னா வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது அதனோடு இணைந்து வளர்ந்தது. பெயரையும் எவரும் மாற்றவில்லை. இன்றும் கங்காராம் வைத்தியசாலை என்றே லாகூர் மக்கள் அழைக்கின்றார்கள். அங்கே படுத்திருப்பவர் மிகப் பெரும்பாலும் முசிலிம் மக்கள். மறுபுறத்திலே, தில்லிக்கு வந்துசேர்ந்த பொறுப்பாளர்கள் 1951இலே அடிக்கல் நாட்டி, 1954இலே அதே பெயரில் மற்றொரு வைத்தியசாலையைத் திறந்தார்கள். அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. ஆக ஒரு தருமம் இரண்டாக முளைத்துவிட்டது.

கட்டியவர் போன பின்பு ஒரு தருமம் எப்படி நிற்கிறது? பக்தியினால் என்று சொல்லிவிடலாம். எமது எண்ணம் வேறு. எழுத்தினால் நின்றது. எந்த ஆதனம் தருமத்துக்கு உரியது, அதன் வருமானம் எதற்குச் செலவாக வேண்டும், யார் பொறுப்பு, அவர் இறந்தால் அடுத்தவரை யார் நியமிப்பது என்பதெல்லாம் மனிதர் நாவிலே இல்லாமல் சாசனத்திலே இருந்தபடியால், ஊரை விட்டு ஓடியவர்கள் வேறோர் ஊரிலே அதைத் தொடர முடிந்தது.

தயாள் சிங் மஜீதியாவின் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். அவர் சீக்கியப் பிரபு குலத்தவர். பிரம சமாசக் கொள்கையிலே நின்றவர். 1881இலே 'டிரிபியூன்' பத்திரிகையை லாகூரிலே தொடங்கினார். பஞ்சாப் தேசிய வங்கியின் முதற் தலைவரும் அவரே. 1898இலே இறக்குமுன், தம் பெருஞ்சொத்தைக் கல்லூரிக்கும் நூல்நிலையத்துக்கும் பத்திரிகைக்குமென மரணசாசனம் எழுதி வைத்தார். பிள்ளைகள் இல்லை. மனைவியார் வழக்குத் தொடுத்தார். சீக்கியர் இந்துக்கள் என்ற சட்டச் சொல்லுக்குள் அடங்குவாரா அல்லரா என்ற கேள்வி வரைக்கும் வழக்கு வளர்ந்து, 1903இலே இலண்டன் பிரிவுக்கவுன்சிலிலே தீர்ந்தது. அறக்கட்டளைகளின் விவகாரம் கடல் தாண்டிப் பிரிவுக்கவுன்சிலுக்குப் போவது இலங்கையராகிய எமக்கும் பழக்கமான செய்தியே. எமது கோயில் வழக்குகளும் அந்த வாசலை மிதித்தவைதாம். ஆயினும் சாசனம் நின்றது. நூல்நிலையம் 1908இலும் கல்லூரி 1910இலும் தொடங்கின. பிரிவினைக்குப் பின்னர் லாகூர்க் கல்லூரி லாகூரிலேயே நிலைத்தது. அப்பெயரோடு கர்நாலிலும் தில்லியிலும் கல்லூரிகள் எழுந்தன. பத்திரிகையோ 1947இலே சிம்லாவுக்கும், அடுத்த ஆண்டிலே அம்பாலாவுக்கும், 1969இலே சண்டிகாருக்கும் பெயர்ந்து இன்றும் வெளிவருகிறது. இவ்வண்ணமே இலாலா இலசபதிராயர் தம் தாயார் குலாப் தேவியின் நினைவாகக் கருதிய சயரோக வைத்தியசாலையும், 1934இலே காந்தியடிகளாலே திறந்துவைக்கப்பட்டது, லாகூரிலேதான் இன்றும் நடக்கிறது.

இவையெல்லாம் செல்வர் செய்தவை. எம்போன்றவர்க்கு அது எட்டுமா என்று பின்வரிசையிலே யாரோ முணுமுணுப்பது எமக்குக் கேட்கிறது. அவர்களுக்காகவே பகத் பூரண சிங்கைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

1904ஆம் ஆண்டு உலூதியானா மாவட்டத்திலே இராசேவால் கிராமத்திலே இந்துக் குடும்பத்திலே பிறந்து, இராம்சிதாசு என்று பெயரிடப்பட்டு, பின்னர் சீக்கிய நெறியிலே சேர்ந்தவர் இவர். கையிலே காசில்லை. லாகூரிலே குருத்துவாரம் ஒன்றிலே கூலியில்லாத தொண்டராகக் காலங் கழித்தார். 1934இலே ஒருநாள், நடக்கமாட்டாத, பேசமாட்டாத நாலு வயதுக் குழந்தையொன்றை யாரோ அந்தக் குருத்துவாரத்து வாசலிலே விட்டுப் போய்விட்டார்கள். எடுத்து வளர்க்க ஒருவருமில்லை. பூரண சிங் எடுத்தார். பியாரா சிங் என்று பெயரிட்டார். வைக்க இடமில்லாதபடியால் முதுகிலே கட்டிக்கொண்டார். பதினான்கு ஆண்டுகள் அந்தப் பிள்ளை அவர் முதுகிலேயே வளர்ந்தான். பூமாலை சுமப்பது போல அவனைச் சுமப்பதாக அவர் கருதினார் என்பார்கள். நாம் அழகுக்காக இதைச் சொல்லவில்லை. நாலு வயதுப் பிள்ளை பதினெட்டு வயது வரைக்கும் வளர்ந்தால் எவ்வளவு பாரம் என்பதை, கரைவலைக் கயிறு தோளிலே இழுத்தவர்கள் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

1947 ஆகத்திலே கலவரத்துக்கு நடுவே அப்பிள்ளையைச் சுமந்தபடி அமிர்தசரசு வந்தார். அங்கே கல்சாக் கல்லூரியிலே அகதிமுகாம். ஓடிவந்தவர்களிலே முடவரும், குருடரும், சித்தம் கலங்கியவரும், பேதி கண்டு கிடந்தவரும் இருந்தனர். துணி துவைத்தார், புண் கழுவினார், வீதிவீதியாய்ச் சென்று சோறு பிச்சையெடுத்து வந்து ஊட்டினார். முகாம் கலைந்தபோது போக்கிடமுள்ளவர்கள் போனார்கள். போக்கிடமில்லாதவர்கள் அவரோடு நின்றுவிட்டார்கள். மரநிழலிலும் வீதியோரத்திலுமாகத் தொடங்கிய அந்தக் குடும்பத்துக்குத்தான் பிங்கல்வாடா, அதாவது முடவர் இல்லம், என்று பெயராயிற்று. 1957இலே அதனைச் சட்டப்படி சங்கமாகப் பதிவு செய்தார். பிச்சையெடுத்து நடத்திய தருமத்துக்கும் பதிவு வேண்டும், கணக்கு வேண்டும் என்பது அந்தப் பக்கிரிக்குத் தெரிந்திருந்தது. நன்கொடைப் பெட்டிகளை ஊரெங்கும் வைத்தார். அச்சகம் அமைத்து, ஒருபுறம் அச்சிட்டு வீசப்பட்ட கடதாசியின் மறுபுறத்திலே துண்டுப்பிரசுரம் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவற்றிலே எழுதியது என்ன? மரம் நடுதல், மண்ணரிப்பு, தண்ணீர் மாசடைதல்! வீதியிலே போகும்போது ஆணியையும் கல்லையும் பொறுக்கி எடுத்துக்கொண்டே போவாராம். 1992இலே அவர் காலமானார். பிங்கல்வாடா இன்றும் அமிர்தசரசிலே நோயாளரையும் அநாதைகளையும் பேணி வருகிறது.

சீக்கியர் தருமத்தைப் பேசும்போது 'இலங்கர்' என்னும் பொது அடுக்களையை விடுதல் தகாது. அமிர்தசரசுப் பொற்கோயிலிலே நாளொன்றுக்குப் பல்லாயிரவர் உண்கிறார்கள். திருநாட்களிலே இலட்சத்தை எட்டும். உரொட்டியும் பருப்பும் பாற்சோறும். விலையில்லை, சாதி விசாரணையில்லை, மத விசாரணையுமில்லை. அரசனும் ஆண்டியும் ஒரே நிலத்திலே, ஒரே வரிசையிலே இருக்க வேண்டும். வெங்காயம் உரிப்பவரும் தட்டுக் கழுவுபவரும் பெரும்பாலும் கூலியில்லாத் தொண்டர். வருமானத்திலே பத்திலொன்றைத் தருமத்துக்கு ஒதுக்கும் 'தசவந்து' என்னும் நெறி இதற்கு ஊட்டமாக நிற்கிறது.

எம்மிடத்திலே இவை இல்லையா? உண்டு. வணிகர் மகமை என்று ஒதுக்கினார்கள். பெண்கள் உலையிலிடுமுன் பிடியரிசி எடுத்து வைத்தார்கள். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். கோயில் தோறும் அன்னதானம் உண்டு. ஆனால் பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் ஒரே வரிசையிலே இருக்கும் பந்தி எம்மவரிடையே எளிதாக வந்ததன்று. கோயில் வாசலிலே நுழைவதற்கே 1960களின் பிற்பகுதியிலே வடபகுதியில் போராட வேண்டியிருந்தது. அன்னதானம் பெரிது என்று பேசும்போது, யார் யாரோடு இருந்து உண்டார் என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியோர்கள் கோபிக்கலாகாது.

ஊர் பெயர்தல் என்பதும் எமக்கு அந்நியமான கதையன்று. முன்னேச்சரத்தைப் போர்த்துக்கேயர் 1578இலே இடித்தார்கள். கண்டி அரசன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1753இலே மானியம் அளித்துக் கோயிலை மறுபடியும் நிலைநிறுத்தினான். அவனுக்கு முன்னே கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவும் அக்கோயிலுக்குக் காணி வழங்கியவன். இவ்வளவு நூற்றாண்டுக்குப் பின்னர் அந்தக் கொடைகளை நாம் எப்படி அறிகிறோம்? எழுதி வைத்ததனால் அறிகிறோம். அருகிலே பார்த்தாலோ, 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே வடமாகாணத்து முசிலிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் எமது புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தார்கள். உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு இவ்வூர் மக்கள் சோறும் நிழலும் கொடுத்தார்கள். அவர்கள் விட்டு வந்த பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் தருமக் காணிகளும் பின்னாலே கிடந்தன. பஞ்சாபின் கதையை இந்தக் கரையிலே பேசுவதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை.

இப்பொழுது நாம் எமது கையைப் பார்ப்போம். இக்கரையோரத்துச் சிறு கோயில்களுக்கும் மடங்களுக்கும் தென்னந்தோட்டமும் வளவும் எழுதி வைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த உறுதிகள் எங்கே? ஒன்று பழைய தருமகர்த்தாவின் பெட்டகத்திலே, ஒன்று நொத்தாரிசின் பேரனிடத்திலே, ஒன்று கறையான் வயிற்றிலே. எல்லை எதுவென்று கேட்டால் "அந்தப் பூவரசு வரைக்கும்" என்கிறார்கள். பூவரசு விழுந்து எவ்வளவோ காலமாயிற்று. இலங்கையிலே 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தரும ஆதனங்கள் பற்றியும், அவற்றிலே அக்கறையுடையோர் மாவட்ட நீதிமன்றை நாடும் வழிபற்றியும் அதிலே கூறப்பட்டிருக்கிறது. ஆனால் கையிலே எழுத்தில்லாமல் நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி என்ன செய்வார்?

மற்றொன்று, உறுதியிலே எழுதப்படாத தருமங்கள். கரைவலை இழுத்து மீனைப் பங்கு பிரிக்கும்போது கோயிலுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் எந்தெந்த வாடியிலே இருந்தது, எவ்வளவு ஒதுக்கினார்கள், எப்போது நின்றது? கடலிலே ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஊர் என்ன கொடுத்தது? வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்களைத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்? இவையும் ஊரின் ஆதனந்தான். இவற்றுக்கு நொத்தாரிசு இல்லை. முதியோரின் நினைவுதான் உறுதி.

ஆகையால் எமது மன்றம் இவ்வாண்டிலே ஒரு வேலையை மேற்கொள்ளலாமென்று இச்சபையிலே முன்வைக்கிறோம். இளைஞர் இருவர் இருவராக, ஒரு கோயிலுக்கு ஒரு கொப்பி என்ற அளவிலே, வீடுவீடாகச் செல்வார்கள். உறுதி இருந்தால் அதனைக் காட்டும்படி மாத்திரமே கேட்பார்கள். வெளியே எடுத்துச் செல்லமாட்டார்கள். வீட்டிலேயே இருந்து பிரதி எழுதுவார்கள்; கையடக்கத் தொலைபேசியிலே படமெடுக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் எடுப்பார்கள். தென்னங்காணிகளின் நாலெல்லையையும், அறிந்த முதியவர் ஒருவரையும் அயற்காணிக்காரர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, நடந்து பார்த்து எழுதுவார்கள். பாட்டுத் தெரிந்தவர்கள் பாடினால் பதிவு செய்வார்கள். பிரதிகள் மூன்று: ஒன்று கோயிலுக்கு, ஒன்று மன்றத்துக்கு, ஒன்று ஊர் நூல்நிலையத்துக்கு. எந்தக் குடும்பத்தின் மீதும் குற்றம் தேடுவது இதன் நோக்கமன்று. ஆயினும் எழுதும்போது வெளிப்படுவதை மறைத்து எழுதுவதற்கும் நாம் உடன்படமாட்டோம். இதனைப் பெரியோர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே கரைவலைத் தொழில் ஓய்ந்திருக்குமாதலால், வாடிக்காரர் வீட்டிலே இருக்கும் அக்காலமே இவ்வேலைக்கு ஏற்றது. கொப்பிகளும் எழுதுகோல்களும் மன்றத்துச் செலவு. எழுதச் செல்வோர் தம் பெயரைச் செயலாளரிடத்தில் இன்றிரவே கொடுக்கலாம். பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருவரேனும் துணைக்கு வேண்டும்.